மூன்று தரம் கேட்காத தேர்தல்

சிவமயம்

சென்ட் லோரன்ட்,
மொன்றியல், கனடா.
24.01.1988

பெருமதிப்புக்குரிய மச்சான் தியாகராசா அவர்களுக்கு,

உங்கள் தங்கை கனகமணியும் நானும் பிள்ளையார் புண்ணியத்தில் கை கால் அசைய இருக்கிறோம். அதில் பாதி அசைவு குளிரால் வருவது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் அங்கே நடக்கிற பிரச்சினைகளுக்கு நடுவிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று கேட்கிறோம். மார்கழியில் நீங்கள் போட்ட கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உறையின் மேலே 'ஆணையாளர் திரு. க. மார்க்கண்டு' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தீர்கள். என்னுடைய கார்த்திகை மாதக் கடிதத்தை ஊர்ச் சங்கக்கடையில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதாகவும், "எங்கட பழைய லிகிதரா?" என்று இரண்டு பேர் திருப்பித் திருப்பிக் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். மிகவும் சந்தோசம். அந்தக் கடிதத்தில் ஒரேயொரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தின் தலைமை ஆணையாளராக நான் தெரிவு செய்யப்பட்டேன் என்று எழுதினேன் அல்லவா? அந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை தபாலில் போட்டேன். தேர்தல் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இதில் பொய் ஒன்றும் இல்லை மச்சான், இது கந்தோர் வழக்கம். பட்டின சபையில் பிரதம லிகிதராக இருந்த இருபத்தாறு வருசமும் கூட்ட அறிக்கையைக் கூட்டத்துக்கு முதல்நாளே எழுதி வைத்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் நான்கு தரம் அங்கத்தவராக வந்தீர்கள். நான்கு தரமும் 'திரு. தியாகராசா ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்' என்று முதல்நாளே எழுதி, மையும் காய்ந்துவிடும். ஒரு சொல்லை வெட்டவேண்டி வந்ததா? வரவில்லை. அந்த நம்பிக்கையில்தான் இங்கேயும் எழுதினேன், ஆகவே முறையில் பிழை இல்லை, நடந்த சம்பவத்தில்தான் பிழை.

சம்பவத்தை முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் இருக்கிற கட்டடம் மூன்று மாடி, பதினெட்டு வீடு, அதில் பதினாலு வீடு எங்கட சனம். மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் எல்லாம் கலந்து. வீட்டுக்காரன் வேறு ஊரில் இருக்கிறான். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட கிழவர் புரட்டாசியோடு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார், அதோடு அரசில்லாத நாடாகிவிட்டது. கீழே நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற மெசின் இரண்டுதான். ஒருத்தி போட்ட உடுப்பை மற்றவள் ஈரத்தோடு வெளியே எடுத்து வைத்தாள் என்று மூன்று வீடு கதைக்காமல் இருந்தன. படிக்கட்டு முழுக்கச் சப்பாத்து. எங்கட சனம் வீட்டுக்குள் சப்பாத்தோடு போகாது என்பது நல்ல பழக்கம்தான், ஆனால் பதினாலு வீட்டுப் பனிச்சப்பாத்தும் படியில் கிடந்தால் மேலே ஏறுகிறவன் எங்கே கால் வைப்பது? குப்பைப் பைகளை ஆளுக்கொரு நாள் வெளியே கொண்டுபோய் வைத்தார்கள், நகரசபை லொறி வருகிற நாளைத் தவிர மற்ற எல்லா நாளும். இதையெல்லாம் விட, சுடுகாற்றுத் தருகிற பொயிலர் கிழவரைப் போலவே அடிக்கடி படுத்துவிடும்.

இப்படி இருக்கும்போது, தேவாலயத்துக்குக் கீழே சனிக்கிழமைகளில் ஆங்கிலம் படிப்பிக்கிற மாக்கிரட் ரீச்சர் ஒரு பாடம் கொடுத்தா. (மட்டக்களப்புக்காரிதான், கொன்வென்ரில் படிப்பித்தவ, பிழை விட்டால் இன்னும் அடிக்கிற மாதிரித்தான் பார்ப்பா.) அமெரிக்கா தொடங்கின காலத்தில் ஆற்றோரம் நாற்பது வீடுள்ள ஒரு சின்னப் பட்டினம். பன்றிகள் தெருவில் திரிகின்றன, கிணறு ஊத்தை, வேலி எல்லை என்று அயலவன் கழுத்தை அயலவன் பிடிக்கிறான். சனம் ஒரு களஞ்சியத்துக்குள் கூடி ஐந்து ஆணையாளர்களைத் தெரிவு செய்கிறது. தெருவுக்கு ஒருவர், கிணற்றுக்கு ஒருவர், வேலிக்கு ஒருவர், பன்றிக்கு ஒருவர், எல்லோருக்கும் மேலே தலைமை ஆணையாளர் ஒருவர். வாக்குச் சீட்டுக்கூட இல்லை. ஆதரவென்றால் ஒரு சோளமணி, எதிர்ப்பென்றால் ஒரு அவரைக்கொட்டை, பானைக்குள் போடவேண்டியது. வாசித்து முடிக்கவில்லை, எனக்கு எங்கள் கட்டடம் கண்ணுக்குள் வந்து நின்றது. பன்றியைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது, ஆணையாளர்தான் இல்லை.

அன்றைக்கே விதிகளைத் தமிழில் எழுதினேன். யார் எழுதுவது வேறு? சலவைக்கு, படிக்கட்டுக்கு, பனி அள்ளுவதற்கு, குப்பைக்கு என்று நான்கு பேர், வீட்டுக்காரனோடு கதைக்கவும் பொயிலரைப் பார்க்கவும் தலைமை ஆணையாளர். பாடத்தில், யாராவது மறுத்தால் அவரை விட்டுவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. அது சட்டம் மாதிரி இல்லை என்று நானே கொஞ்சம் இறுக்கினேன். 'முன்மொழியப்பட்டவர் மறுப்பின் அவர் பெயர் நீக்கப்படும், மீண்டும் கேட்கப்படமாட்டாது' என்று எழுதினேன். அது மற்றவர்களை நினைத்து எழுதியது. தேர்தலை நடத்த யோகராசா என்ற யாழ்ப்பாணத்துப் பொடியனைப் பிடித்தேன். முப்பது வயதிருக்கும், பக்கத்தில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை. அங்கே குளிசையை எண்ணிப் போத்தலில் அடைக்கிற மெசினைப் பார்ப்பவன், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டான். "தம்பி, விதியில எழுதினதை ஒரு எழுத்தும் மாத்தாம நடத்த வேணும்," என்று நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "ஓம் ஐயா, நான் பாத்துக்கொள்ளுறன்," என்றான். பார்த்துக்கொண்டான்.

வாக்குக் கேட்டு நான் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. சுகம் விசாரிக்கத்தான் போனேன். ஒரே பின்னேரத்தில் பதினொரு தேத்தண்ணீர் குடித்தேன். எல்லா வீட்டிலும் "நீங்கள் இருக்க வேற ஆர் ஐயா?" என்றார்கள். அதைக் கேட்டபிறகுதான் சனிக்கிழமை உங்களுக்குக் கடிதம் போட்டது. எந்த லிகிதரும் அதைத்தான் செய்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நிலவறையில், மெசின்களுக்கு நடுவே கூடினோம். சோளத்துக்குப் பதிலாகக் கொண்டைக்கடலை, அவரைக்குப் பதிலாகச் சிவப்பு அவரை, இரண்டும் ஜான்-டலோன் சந்தையில் நானே பார்த்துப் பொறுக்கி வாங்கினது. கடலையைக் கொண்டுவா என்றால், உங்கள் தங்கை ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறா, தண்ணீரோடு. நான் வென்ற பிறகு சனத்துக்குக் கொடுக்கவென்று முழுக் கடலையையும் முதல்நாளே ஊறப் போட்டிருக்கிறா. அவவும் என்னைப் போலத்தான், நடக்கப்போவதை நடந்ததாக எடுத்துக்கொண்டா. சரி, ஊறின கடலையும் கடலைதானே என்று யோகராசா தீர்ப்புச் சொன்னான். முப்பத்தொரு பேருக்கும் ஈரக்கையில் ஒவ்வொரு கடலையும் காய்ந்த சிவப்பு அவரை ஒவ்வொன்றும் கொடுத்தான்.

முதலில் தலைமை ஆணையாளர். எங்கள் கட்டடத்து ஆனந்தராசா எழும்பி, "மார்க்கண்டு ஐயா," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது மச்சான், நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை நான் நான்கு தரம் பார்த்தவன். முதல்தரம் கேட்டால், "எனக்கு வேணாம், என்னை விடுங்க," என்று சால்வையை உதறுவீர்கள். இரண்டாம் தரம் கேட்டால் நிலத்தைப் பார்ப்பீர்கள். மூன்றாம் தரம் கேட்டால் சனத்தைப் பார்த்து, "உங்கட விருப்பம்," என்பீர்கள். பதவியென்றவுடன் பாய்ந்து விழுகிறவனைச் சனம் மதிக்குமா? நானும் எழும்பினேன். சால்வை இல்லாததால் குளிர்க்கோட்டை உதறினேன். "எனக்கு வயது போயிற்று, இளம் ஆக்கள் இரிக்காங்க, என்னை விடுங்க," என்று சொல்லிவிட்டு இருந்தேன். இரண்டாம் தரத்துக்கு நிலத்தைப் பார்க்கத் தயாராக, கால் பெருவிரலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யோகராசா அடிமட்டத்தை வைத்து என் பெயரை நேராக வெட்டினான். "நல்லது ஐயா. அடுத்தது ஆர்?"

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. சனத்தைப் பார்த்தேன். வயதான ஆக்கள் இரண்டு பேர் வாயைத் திறந்து மூடினார்கள், விதித்தாள் சுவரில் ஒட்டியிருந்தது, அதுவும் என் கையெழுத்தில். நான் ஆனந்தராசாவைக் கண்ணை உருட்டிப் பார்த்தேன். அவர் அதைத் தவறாக விளங்கிக்கொண்டு, நான் வேறு ஆளைக் காட்டுகிறேன் என்று திரும்பி, பின்னால் நின்ற றோசலினின் பெயரைச் சொல்லிவிட்டார். றோசலின் திருகோணமலைப் பிள்ளை, முப்பத்துநாலு வயது, குழந்தைகளைப் பார்க்கிற கார்டரியில் வேலை, பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. "செய்வீங்களோ?" என்று யோகராசா கேட்டான். "ஓம், செய்யுறன்," என்றாள். ஒரு தரம்தான் கேட்டான், அவளும் ஒரு தரம்தான் சொன்னாள். அப்படியும் ஒரு பெண்பிள்ளை இருக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பானையை எண்ணினால் கடலை முப்பது, சிவப்பு அவரை ஒன்று. அது இரகசிய வாக்கு, ஆகவே அந்த அவரையை யார் போட்டது என்று நான் சொல்லக்கூடாது. உங்கள் தங்கை போட்டது கடலை. அதை நான் கண்ணால் கண்டேன். வீட்டுக்கு வந்து கேட்டால், "வேணாம் எண்டு நீங்கதானே சென்னீங்க, மறுகா என்னத்துக்கு என்னோட கோவிக்கிறீங்க?" என்கிறா. மற்ற நான்கு பதவிக்கும் நான்கு பேர் வந்தார்கள், ஆனந்தராசாவுக்குக் குப்பை. திரும்ப எண்ணக் கேட்கலாம் என்றுகூட ஒரு யோசனை எனக்கு வந்தது. ஆனால் அதற்குள் கனகமணி வாக்குகளைக் கொண்டுபோய் அவித்து, கடுகும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்துக் கொண்டுவந்து விட்டா. சனம் இருந்து சாப்பிட்டது. நானும் ஒரு கை சாப்பிட்டேன், உப்புக் கொஞ்சம் கூட.

றோசலின் எப்படி ஆட்சி செய்கிறாள் என்று கேட்பீர்கள். நியாயமாகச் சொல்கிறேன். மார்கழி முதல் வாரம் பொயிலர் முழுதாகப் படுத்துவிட்டது. யன்னல் கண்ணாடிக்கு உள்ளே பனி. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அடுப்போடு இருக்கிற அவணைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் குந்தியிருந்தார்கள். நான் பதவியில் இல்லாவிட்டாலும் பொறுப்பில்லாதவன் அல்ல. வீட்டுக்காரனுக்கு ஏழு பக்கத்தில், அடிபணிந்து சமர்ப்பிக்கும் விண்ணப்பம் என்று தொடங்கி, பன்னிரண்டு பந்தியில் ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு றோசலின் அவனுடைய கந்தோருக்கே போனாள். அவன் மூன்று பக்கம் புரட்டிவிட்டு, இதை முழுக்க வாசிக்கவேண்டுமா, அல்லது நாளைக்கே ஆளை அனுப்பினால் போதுமா என்று பிரெஞ்சில் கேட்டானாம். ஆளை அனுப்பினால் போதும், மெர்சி என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அடுத்தநாள் சுடுகாற்று வந்தது. எல்லோரும் றோசலின் றோசலின் என்கிறார்கள். பொயிலரைத் திருத்தியது என் மனுதான் என்பதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு மேல்மாடியில் பிள்ளைகள் கோட்டில்லாமல் ஓடி விளையாடுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்க எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

இதெல்லாம் எனக்குப் பெரிய காரியமல்ல. பெரிய காரியம் போன செவ்வாய்க்கிழமை நடந்தது. தபால்காரன் எல்லாக் கடிதத்தையும் கீழே ஒரே கட்டாகப் போட்டுவிட்டுப் போவான், றோசலின்தான் வீடு வீடாகப் பிரிப்பாள். பின்னேரம், எல்லோரும் வேலையால் வந்து படியில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நிற்கிற நேரம். நானும் நிற்கிறேன். உங்கள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்கிறாள், "ஐயா, இதில ஆணையாளர் எண்டு போட்டிருக்கு, அப்ப எனக்கெண்டு எடுத்தன். பேரைப் பாத்தால் உங்கட. ஆரோ பிழையா எழுதிப்போட்டினமோ?" குத்திக் கேட்கவில்லை மச்சான், அவள் உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். நான் வாயைத் திறக்க முதல் உங்கள் தங்கை வாசலில் நின்று, "அது எங்கட அண்ணன்ட எழுத்து," என்று சொல்லிவிட்டா. பிறகு யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லோரும் குனிந்து, கழற்றின சப்பாத்தையே திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சிரிக்காமல் விட்டதில்தான் எனக்கு அழுகை வரப் பார்த்தது.

உங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? இருபத்தாறு வருசம் 'தெரிவு செய்யப்பட்டார்' என்ற சொல்லை எழுதின கை இது. உங்கள் பெயருக்குப் பின்னால் எழுதினேன், சேர்மன்மாரின் பெயருக்குப் பின்னால் எழுதினேன், கையெழுத்து வைக்கத் தெரியாதவனின் பெயருக்குப் பின்னாலும் எழுதினேன். ஒரு தரம், ஒரேயொரு தரம், என் பெயருக்குப் பின்னால் அதை எழுதிப் பார்க்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் ஒரு நாள் முந்திவிட்டது.

ஆகவே தீர்க்கமாக முடிவெடுத்துவிட்டேன். இந்தக் கட்டடத்தின் எந்தக் கூட்டத்துக்கும் இனி நான் போகமாட்டேன். கடலையோ அவரையோ கையால் தொடமாட்டேன். சித்திரையில் வாடகை ஒப்பந்தம் முடிந்தவுடன் ரொறன்ரோவுக்குப் போய்விடுகிறோம், அங்கே கனகமணியின் ஒன்றுவிட்ட தம்பி குலேந்திரன் இருக்கிறான். அவவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்களும் எழுதவேண்டாம். சங்கக்கடையில் கேட்கிறவர்களுக்கு, குளிர் ஒத்துக்கொள்ளாமல் உடல்நிலை காரணமாக மார்க்கண்டு பதவியைத் துறந்துவிட்டார், சனம் அழுதழுது தடுத்தது என்று சொல்லுங்கள். அது முழுப் பொய்யல்ல, குளிர் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளவில்லை. முக்கியமாக, உறையில் இனி அந்தச் சொல்லைப் போடவே வேண்டாம்.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசி. படிப்பும் உயிரும் பத்திரமாக இருக்கட்டும், மிச்சத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். உங்கள் நீரிழிவுக்கு இனிப்பைக் குறைக்கும்படி தங்கச்சி சொல்லச் சொன்னா, கேட்கமாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

இங்ஙனம்,
பதவி ஆசை அறவே அற்ற உங்கள் மைத்துனன்,
க. மார்க்கண்டு

பி.கு.: உறையை ஒட்டினதைத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன், கிழிந்திருந்தால் மன்னிக்கவும். இன்று பின்னேரம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது றோசலினும் யோகராசாவும் வந்தார்கள். ஆனந்தராசாவுக்கு டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோறன்ட் குசினியில் வேலை கிடைத்துவிட்டதாம், விடிய வெள்ளெனப் போகவேண்டுமாம். "ஐயா, அதாலை எங்களுக்கு ஒரு ஆணையாளர்..." என்று றோசலின் தொடங்கினாள். நான், "ஓம்," என்றேன். யோகராசா தாளைப் பார்த்து, "எதுக்கெண்டு இன்னும் சொல்லி முடியேல்ல ஐயா," என்றான். "ஓம் எண்டு செல்லியாச்சு தம்பி, எழுதும்," என்றேன். றோசலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூண்டு தரம் கேக்க வேணும் எண்டு கனகமணி அக்கா சொன்னவ. திரும்பக் கேக்கப்படாது எண்ட விதியையும் வெட்டிப்போட்டு வந்தனாங்கள். நீங்கள் முதல் தரமே ஓம் எண்டிட்டியள்," என்றாள். உங்கள் தங்கை குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டு திரும்பிப் பார்க்கவேயில்லை. விதிப்படி உடனே நிலவறையில் வாக்கெடுப்பு வைத்தோம், ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் வீட்டில். கடலை இந்தமுறை ஊறாத கடலை. முப்பத்தொன்று. சிவப்பு அவரை ஒன்றுகூட இல்லை. எண்ணி முடிந்த பிறகுதான் அறிக்கையை எழுதினேன், என் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல்லை எழுதிவிட்டு மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், குளிரில் காயக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வேலை ஒன்றும் பெரிதில்லை, திங்களும் வியாழனும் காலை ஏழு மணிக்கு முதல் பதினெட்டு வீட்டுப் பைகளையும் பனிக்குள்ளால் தெருவோரம் கொண்டுபோய் வைக்கவேண்டும். ஆகவே மேலே எழுதிய உடல்நிலை, பதவி துறப்பு, ரொறன்ரோ எல்லாவற்றையும் வெட்டிவிடவும். சங்கக்கடையில் ஒன்றும் சொல்லவேண்டாம், அவர்களுக்குத் தெரிந்தது சரிதான். உறையில் முன்போலவே 'ஆணையாளர்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கோடும் போடவும். எதற்கு ஆணையாளர் என்பதைப் போடத் தேவையில்லை.